தினமும் தவறாத ஒரு மணி நேரம்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வளர்க்கும் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



சொந்த மண்ணை விட்டு வெளியூரில் பிழைக்கும் நம் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் படிப்பு ஒரு தீராத கவலை. வேலை மாற்றல் வந்தால் பிள்ளையின் பள்ளியும் மாறுகிறது, பாடமொழியும் மாறுகிறது. என் மகள் வயிற்றுப் பேரன் முதல் நான்கு ஆண்டுகளில் மூன்று பள்ளிகளில் படித்தான். முதலில் கன்னடம், பிறகு ஆங்கிலம், பிறகு மலையாளம். ஒன்பது வயதில் எந்த மொழியிலும் ஒரு பக்கத்தைத் தடையில்லாமல் படிக்க அவனால் முடியவில்லை. மருமகன் சாந்தன்பாறையில் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்துக் குடியேறியபோது, சில காலம் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் கற்பிப்பது என்று முடிவு செய்தார்கள். இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பேரனுக்கு இப்போது பதின்மூன்று வயது, பேத்திக்கு ஒன்பது. நானும் என் துணைவியாரும் ஓய்வுக்குப் பின் அவர்களோடு இருக்கிறோம்.

இது சரியா தவறா என்று பலரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் விடை இல்லை. முன்பு இதைச் செய்து பார்த்தவர்களின் வரலாற்றையும், எங்கள் வீட்டு நடைமுறையையும், சட்டம் சொல்வதையும் வரிசையாகத் தருகிறேன். படித்துவிட்டு உங்கள் வீட்டுச் சூழ்நிலைக்கேற்ப நீங்களே முடிவு செய்யலாம்.

1. சொல்லின் பொருள்

வீட்டில் இருந்தபடி பள்ளிப் பாடத்தையே பள்ளி அட்டவணைப்படி நடத்துவதை 'ஹோம் ஸ்கூலிங்' என்கிறார்கள். 'அன்ஸ்கூலிங்' என்பது அதிலிருந்து வேறானது. இதில் மணி, வகுப்பு, பாடத்திட்டம் எதுவும் கிடையாது. வீட்டு வேலையிலும் விளையாட்டிலும் பிள்ளைக்கு எழும் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கற்பது இது. நாம் இதைப் பள்ளியில்லாக் கல்வி என்று சொல்லலாம்.

இந்தச் சொல்லைப் பரப்பியவர் அமெரிக்க ஆசிரியர் ஜான் ஹோல்ட். பிள்ளைகள் வகுப்பறையில் ஏன் தோற்கிறார்கள் என்று ஆராய்ந்து அவர் எழுதிய நூல் 1964இல் வெளிவந்தது. 1977இல் பள்ளியில்லாமல் பிள்ளை வளர்ப்போருக்காகவே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். விடைக்குப் பயந்து வாழும் பிள்ளை சிந்திப்பதை விட்டுவிடுகிறது என்பது அவருடைய கருத்து.

ஆனால் இதை மேல்நாட்டுப் புதுமை என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டில் இதைத் துணிந்து செய்தவர்களில் முதன்மையானவர் காந்தியடிகள். அவர் வீட்டில் கிடைத்த நன்மையும் அங்கே எழுந்த மனத்தாங்கலும் இரண்டுமே நமக்குப் பாடம்.

2. ஜோகன்னஸ்பர்க் வீடு

தென்னாப்பிரிக்காவில் வழக்கறிஞராக இருந்த காலத்தில் காந்தியடிகள் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வர மொத்தம் ஐந்து மைல் தூரம். பிள்ளைகளையும் உடன் அழைத்துக்கொண்டு நடந்தே போவார். போகும்போதும் வரும்போதும் பேச்சு வழியாகவே பாடம். வீட்டில் மாவரைப்பது முதல் கழிப்பிடம் சுத்தம் செய்வது வரை பிள்ளைகளும் செய்தார்கள். பிள்ளைகளோடு தாய்மொழியான குஜராத்தியில்தான் பேச வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். சிறு வயது முதல் ஆங்கிலம் பேசினால் வாழ்க்கையில் முந்தலாம் என்று நண்பர் போலக் வாதாடியும் அவர் இணங்கவில்லை.

இதன் மறுபக்கத்தையும் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் போதிய எழுத்துக் கல்வி தர முடியாமல் போனது அவர்களுக்கும் வருத்தம், தமக்கும் வருத்தம் என்கிறார். தினமும் குறைந்தது ஒரு மணி நேரத்தைக் கண்டிப்பான ஒழுங்கோடு எழுத்துக் கல்விக்கு ஒதுக்க முடிந்திருந்தால், தாம் தந்தது மிகச் சிறந்த கல்வியாக இருந்திருக்கும் என்பது அவர் கருத்து. அந்த ஒரு மணி நேரத்தைப் பொதுவேலைகள் எடுத்துக்கொண்டன.

மூத்த மகன் ஹரிலால் இதைப் பெரிய குறையாகவே எடுத்துக்கொண்டார். தந்தையின் போராட்டத்தில் சேர்ந்து பலமுறை சிறை சென்றவர் அவர். ஆனாலும் முறையான படிப்பு வேண்டும் என்ற ஏக்கம் தீரவில்லை. 1911இல் தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறி, அகமதாபாத்தில் பள்ளியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுக்கு மேல் ஆகியிருந்தது. மெட்ரிகுலேஷன் தேர்வில் அவரால் தேற முடியவில்லை. தந்தை மகன் இடையே விழுந்த பிளவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் படிப்பு முக்கியமான ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை.

3. டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகள்

1910இல் காந்தியடிகளின் நண்பர் ஹெர்மன் காலன்பாக் தம்முடைய 1,100 ஏக்கர் நிலத்தைச் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்குக் கொடுத்தார். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து 21 மைல், லாலி ரயில் நிலையத்திலிருந்து ஒரு மைல். அதுதான் டால்ஸ்டாய் பண்ணை. அங்கே இருந்தவர்களில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு.

பண்ணையில் வேலையாள் கிடையாது. சமையல், தோட்டம், துப்புரவு எல்லாம் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்தே செய்தார்கள். காலன்பாக் ஒரு கிறிஸ்தவ மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடமிருந்து காந்தியடிகள் கற்று, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளையிடம் சொல்வதில்லை என்பது அங்கே விதி.

நாம் கவனிக்க வேண்டியது தமிழ்ப் பாடத்தை. அந்தப் பிள்ளைகள் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். வீட்டில் கொஞ்சம் தமிழ் பேசுவார்களே தவிர எழுத்து தெரியாது. கப்பல் பயணத்திலும் சிறையிலும் தமிழ் படித்திருந்த காந்தியடிகள்தான் அவர்களுக்குத் தமிழ் எழுத்தும் தொடக்க இலக்கணமும் கற்பித்தார். பேச்சுத் தமிழில் அவரைவிடப் பிள்ளைகளே கெட்டிக்காரர்கள். ஆங்கிலம் தெரியாத தமிழர்கள் அவரைப் பார்க்க வந்தால் அந்தப் பிள்ளைகளே மொழிபெயர்த்தார்கள். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று மாணவர்களிடம் மறைக்காமல் காட்டியதால் அவர்களின் அன்பைப் பெற்றதாக அவர் எழுதுகிறார்.

வெளியூரில் வாழும் நமக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பேச்சு மொழி வீட்டில் தானாக வந்துவிடும். எழுத்து தானாக வராது. அதற்கு ஒருவர் தினமும் உட்கார வேண்டும். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒருவரே உட்கார்ந்திருக்கும்போது, நாம் நேரமில்லை என்று சொல்வதற்கில்லை.

4. அட்டப்பாடி மலையில்

நம் காலத்துக்கு வருவோம். பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடியில், கோபாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்ற ஆசிரியத் தம்பதியர் அரசுப் பள்ளி வேலையை விட்டுவிட்டு 1980களில் 'சாரங்' என்ற கல்வி முயற்சியைத் தொடங்கினார்கள். மரம் அழிந்து வறண்டு கிடந்த மலைச்சரிவை வாங்கி, மழைநீரைத் தடுத்து நிறுத்தி, காடாக வளர்த்தார்கள். அந்த வேலையே பிள்ளைகளுக்குப் பாடம். மண் வீடு கட்டுவதிலும் சமைப்பதிலும் கணக்கும் அறிவியலும் வந்தன. அவர்களுடைய மகன் கௌதம் வழக்கமான பள்ளிக்குப் போகாமல் அங்கேயே கற்று வளர்ந்தவர். பிற்காலத்தில் அவரும் அதே முயற்சியைத் தொடர்ந்தார்.

அவர்களுக்கும் பணமுடை வந்தது. பள்ளியை நிறுத்திவைக்க நேர்ந்த காலமும் உண்டு. இந்த வழியில் செலவு குறைவு என்று நினைத்து யாரும் இறங்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வீட்டில் ஒருவருடைய முழு உழைப்பும் இதற்குப் போகிறது. அதன் மதிப்பையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

5. எங்கள் வீட்டு நடைமுறை

சாந்தன்பாறையில் விடியற்காலைக் குளிர் அதிகம். பிள்ளைகள் ஆறு மணிக்கு எழுந்து கோழியைத் திறந்துவிட்டு, மழைமானியைப் பார்த்துக் குறிப்பார்கள். அது நாங்களே செய்தது. நேரான சுவருள்ள கண்ணாடிக் குவளை, பக்கத்தில் ஒட்டிய அளவுகோல், அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். எங்கள் கூரை 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஆக 60 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழைக்கு 1,500 லிட்டர் வரும். 1,000 லிட்டர் தொட்டி நிரம்ப எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று பேத்தி கேட்டாள். வகுத்தல் கணக்கை அன்றைக்கு அவளே விரும்பிக் கற்றாள்.

சமையலறையிலும் பாடம் உண்டு. கீழே போடியில் ஒரே இரவில் பொங்கும் இட்லி மாவு, இங்கே மேலே மறுநாள் மதியம் வரை அசையாமல் இருக்கும். ஏன் என்ற கேள்வி எழுந்தது. மாவை இரண்டு பாத்திரங்களில் பிரித்து, ஒன்றை அடுப்படியிலும் மற்றொன்றை ஜன்னலோரத்திலும் வைத்துப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கும் வெப்பம் தேவை என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டார்கள்.

ஏலக்காய் பறிக்கும் காலத்தில் கணக்குக்குக் குறைவில்லை. ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். 37 கிலோ பச்சைக்காய் ஸ்டோரில் உலர்ந்து 7 கிலோ வந்தால் எத்தனை சதவீதம்? பேரன் போட்டுப் பார்த்து, 19 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு என்பான். போடி, புற்றடி ஏலங்களின் சராசரி விலையைச் செய்தித்தாளில் பார்த்துக் கட்டம் போட்ட தாளில் வரைகிறான். விலை இறங்கிய வாரம் வீட்டில் ஏன் அப்பா பேசாமல் இருக்கிறார் என்பதும் அவனுக்குப் புரிகிறது.

ரயில்வேயில் பாதைப் பணியில் இருந்தவன் என்ற முறையில் என் பங்குக்குச் சாய்வுக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் மட்டத்தைக் கொண்டு, வீட்டிலிருந்து சாலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையை அளந்தோம். கிடைமட்டத்தில் 40 மீட்டர் போனால் 5 மீட்டர் ஏற்றம், அதாவது எட்டுக்கு ஒன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலை ரயிலின் கடும் ஏற்றம் சுமார் பன்னிரண்டுக்கு ஒன்று. அதற்கே பல்சக்கரம் தேவைப்படுகிறது. "அப்போ நாங்க தினமும் ஊட்டி ரயிலை விடக் கஷ்டமா ஏறுறோமா தாத்தா?" என்று பேரன் கேட்டான். அதிலிருந்து மூணாறு குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடி 1924 வெள்ளத்தில் அழிந்துபோன சிறு ரயில்பாதை வரை பேச்சு நீண்டது.

இவையெல்லாம் தானாக நடப்பவை. இவற்றுக்கு மணி அடிப்பதில்லை. ஆனால் இவை மட்டும் போதாது.

6. அந்த ஒரு மணி நேரம்

காந்தியடிகள் எழுதிய அந்தக் குறிப்பை ஒட்டி, எங்கள் வீட்டில் ஒரு விதி வைத்திருக்கிறோம். தினமும் காலை ஒன்பதரை முதல் பத்தரை வரை எழுத்துப் படிப்பு. அரை மணி தமிழ், அரை மணி கணக்கு. மலையாளமும் ஆங்கிலமும் மாலையில் மாறி மாறி வரும். இந்த விதியை நடத்துவதில் நாங்கள் கடைப்பிடிப்பவை:

ஒன்று, நேரத்தை மாற்றுவதில்லை. விருந்தினர் வந்தாலும், தோட்டத்தில் ஆள் குறைந்தாலும், கரண்ட் போனாலும் அந்த மணி உண்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் விடுமுறை.

இரண்டு, நேரத்தை நீட்டுவதும் இல்லை. நன்றாகப் படிக்கிறானே என்று இரண்டு மணி நேரம் இழுத்தால் மறுநாள் அவன் ஒளிந்துகொள்வான்.

மூன்று, தமிழில் தினமும் ஒரு பக்கம் வாய்விட்டுப் படிப்பதும் ஐந்து வாக்கியம் சொந்தமாக எழுதுவதும் கட்டாயம். ஐந்து வாக்கியமும் யாருக்காவது போய்ச் சேர வேண்டும். பெரியம்மாவுக்குக் கடிதம், கடைக்குச் சாமான் பட்டியல், பறித்த காயின் கணக்குக் குறிப்பு, எதுவானாலும் சரி.

நான்கு, கற்பிப்பவருக்குத் தெரியாததை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்போம். வார இறுதியில் நூலகத்துக்குப் போய்த் தேடுவோம். கேரளத்தில் பி.என். பணிக்கர் போன்றோர் வளர்த்த நூலக இயக்கத்தால் கிராமம்தோறும் படிப்பகம் இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் இல்லையென்றால் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் வாங்குவார்கள்.

ஐந்து, தேதியிட்ட நோட்டு ஒன்று பராமரிக்க வேண்டும். என்ன படித்தான், என்ன செய்தான் என்று தினமும் இரண்டு வரி. நாளை யார் கேட்டாலும் காட்டுவதற்கு அதுவே ஆதாரம்.

7. வீட்டுப் பெண்களின் பாரம்

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது தாயின் களைப்பை. பிள்ளைகள் பள்ளிக்குப் போனால் தாய்க்குப் பகலில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கும். வீட்டிலிருந்தால் காலை முதல் இரவு வரை "அம்மா" என்ற குரல்தான். முதல் ஆண்டில் என் மகள் மிகவும் வாடிப்போனாள். பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். காலை மணி என்னுடையது. மாலை மலையாளம் மருமகனுடையது. மதியம் இரண்டு முதல் நான்கு வரை அவளை யாரும் கூப்பிடக் கூடாது. அவள் தையல் தைக்கலாம், தூங்கலாம், அது அவள் விருப்பம். பேரன் சோறு வடிப்பான், பேத்தி பாத்திரம் கழுவுவாள். ஆண்பிள்ளைக்கு அடுப்படி எதற்கு என்று என் துணைவியார் முதலில் முணுமுணுத்தார். இப்போது அவன் வைக்கும் ரசத்தைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

அடுத்தது தோழமை. பள்ளி பாடம் மட்டும் தருவதில்லை, கூட்டாளிகளையும் தருகிறது. எங்கள் பிள்ளைகளுக்கு மாலை நான்கு மணிக்குப் பள்ளி ஜீப் வரும் நேரம்தான் விளையாட்டு நேரம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு ஓடி விளையாட அதுவும் இல்லையென்றால் இந்த முறையை நானே எதிர்த்திருப்பேன்.

8. சட்டமும் சான்றிதழும்

2002இல் கொண்டுவந்த 86ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வியைப் பிள்ளையின் அடிப்படை உரிமையாக்கியது. அந்த வயதில் கல்விக்கு வாய்ப்பளிப்பது பெற்றோரின் கடமை என்றும் சேர்த்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வீட்டிலேயே கற்பிக்க விரும்பும் பெற்றோருக்கு இந்தச் சட்டம் தடையல்ல என்று 2012இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் அளித்தது. ஆனால் வீட்டுக் கல்விக்கென்று தனி விதிமுறை எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. ஆகவே நோட்டும் குறிப்பும் அவசியம்.

திரும்பிப் போகும் வழியும் உண்டு. பள்ளியில் சேராத அல்லது இடையில் நின்ற பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, மற்றவர்களோடு சமமாக வரச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது.

சான்றிதழுக்கு தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. 1989இல் மத்திய அரசு தொடங்கியது. 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். ஐந்து பாடங்கள் தேற வேண்டும். தமிழையும் ஒரு மொழிப்பாடமாக எடுக்கலாம். எல்லாப் பாடத்தையும் ஒரே முறையில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், அதற்குள் ஒன்பது முறை வாய்ப்பு உண்டு. சேரும் முன் அந்த ஆண்டின் விதிகளை நேரடியாக விசாரித்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர் தேவையில்லை.

சான்றிதழ் ஒரு காகிதம்தானே என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். நான் டிப்ளமோ படித்தவன். பாதையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தவர்கள் பட்டம் எதுவும் இல்லாத கேங்மேன்களும் மேஸ்திரிகளும்தான். ஆனால் அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தது அந்த டிப்ளமோவைக் காட்டித்தான். அறிவும் வேண்டும், காகிதமும் வேண்டும்.

9. யாருக்கு இது ஏற்றதல்ல

எங்கள் சாலையில் தினமும் காலையில் போடிமெட்டு வழியாக ஜீப்புகள் ஏறி வருகின்றன. தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் விடியும் முன்பே வீட்டை விட்டுப் புறப்பட்டவர்கள். லயங்களில் வாழும் குடும்பங்களிலும் தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுடைய பிள்ளை பள்ளிக்குப் போகாவிட்டால் அதற்குப் பெயர் பள்ளியில்லாக் கல்வி அல்ல. அந்தப் பிள்ளை தம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்கும், இல்லையென்றால் காய் எடுக்கப் போகும். அந்தக் குடும்பங்களுக்குப் பள்ளியும் அங்கே கிடைக்கும் மதிய உணவும் பெரும் பாதுகாப்பு. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் பகல் முழுவதும் வீட்டில் இருக்க முடியாத குடும்பம் இந்த வழியை நினைக்கவே கூடாது.

வீட்டிலிருக்கும் பிள்ளைக்கும் ஓர் எல்லை உண்டு. வீட்டு வேலையில் பங்கெடுப்பது வேறு, கூலிக்கு ஆள் வைப்பதைத் தவிர்க்கப் பிள்ளையை வேலை வாங்குவது வேறு. காயை எடைபோட்டுக் கணக்கு எழுதலாம். கூலியாளுக்கு ஈடாக நாள் முழுவதும் காட்டில் குனிந்து நிற்கக் கூடாது.

10. ஆண்டுக்கு ஒரு கேள்வி

ஹரிலாலின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது: முடிவெடுத்தவர் தந்தை, அதன் பலனோடு வாழ வேண்டியிருந்தவர் மகன். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், பள்ளி திறக்கும் முன், பிள்ளைகளை உட்காரவைத்து, "இந்த வருஷம் பள்ளிக்கூடம் போறீங்களா, வீட்டுலயே படிக்கிறீங்களா?" என்று கேட்கிறோம். பதிலைச் சிரித்துத் தள்ளாமல் நோட்டில் எழுதிக்கொள்கிறோம். இந்த ஆண்டு பேத்தி வீடு என்றாள். பேரன், பத்தாம் வகுப்பைத் திறந்தநிலைப் பள்ளியில் எழுதிவிட்டுப் பதினொன்றாம் வகுப்புக்குப் பள்ளியில் சேர வேண்டும் என்றான். அதற்கேற்பக் கணக்கையும் அறிவியலையும் இப்போதே கூடுதலாகப் பார்க்கத் தொடங்கிவிட்டோம்.

வீட்டுப் பயிற்சி

பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்களும் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு மாதத்துக்கு, தினமும் ஒரே நேரத்தில், தொலைக்காட்சியையும் செல்பேசியையும் அணைத்துவிட்டு, அரை மணி நேரம் பிள்ளையோடு தமிழ் படியுங்கள். ஒரு பக்கம் வாசிப்பு, ஐந்து வாக்கியம் எழுத்து. முதல் நாள் எழுதியதையும் முப்பதாம் நாள் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்த இரண்டு தாள்களையும் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நானும் பேத்தியின் தாள்களோடு வருகிறேன்.